புகை போகும் வழி: செவென் மலையில் ஒரு கிளேடைப் பழுதுபார்த்தது

தெற்கு பிரான்சின் செவென் மலைகளில் எந்தப் பழைய பண்ணைக்குப் போனாலும், வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, சரிவை ஒட்டி, புகைபோக்கியே இல்லாத ஒரு சின்னக் கல் கட்டடத்தைப் பார்க்கலாம். அதற்குக் கிளேட் என்று பெயர். செஸ்ட்நட்டை உலர்த்துவதற்காகவே கட்டியது. கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. இரண்டுக்கும் நடுவே மூடிய தளம் கிடையாது. சந்து விட்டுப் பரப்பிய மரச்சட்டங்கள்தான். கீழே வாரக்கணக்கில் தீ கனன்றுகொண்டிருக்கும். சூடும் புகையும் சட்டங்களின் சந்து வழியாக ஏறி, மேலே கொட்டி வைத்த கொட்டைகளுக்குள் புகுந்து, கூரைக் கற்களின் இடுக்கில் வெளியே போகும்.

சேன்-ஜான்-து-கார் ஊருக்கு மேலே, நண்பர் ஒருவரின் நிலத்தில் அப்படி ஒரு கிளேட் பாதிக் கூரை சரிந்து கிடந்தது. கோடையில் அதைச் சீர்செய்து, இலையுதிர் காலத்தில் தீ மூட்டி, குளிர்காலத்தில் அதில் உலர்ந்ததைச் சமைத்துச் சாப்பிட்டோம். என்ன செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம் என்று எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும்.

முதலில், எதற்காக இப்படி ஒரு கட்டடம்? பாரிஸ் மெட்ரோ வாசல்களில் சூடாக வறுத்து விற்கும் செஸ்ட்நட்டை நம்மில் பலர் வாங்கிச் சாப்பிட்டிருப்போம். அங்கே அது மாலை நேரக் கொறிப்பு. செவெனில் அது பல நூறு ஆண்டுகள் மக்களின் அன்றாட உணவாக இருந்தது. செங்குத்தான சரிவு, புளிப்பான மண், அடுக்கடுக்காய் உரியும் சிஸ்ட் பாறை. கோதுமை போதுமான அளவு விளையாது. செஸ்ட்நட் விளையும். முந்திரி, பாதாம் போல எண்ணெய்க் கொட்டை இல்லை இது, மாவுச்சத்துதான் அதிகம். அதனால்தான் அந்த மரத்தை இங்கே ரொட்டி மரம் என்றே சொல்வார்கள். ஆனால் புதுக் கொட்டையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். சில வாரத்தில் பூஞ்சை பிடிக்கும், புழு வைக்கும். அக்டோபரில் பொறுக்கியது அடுத்த அக்டோபர் வரை வீட்டுக்கு வர வேண்டுமென்றால் உலர்த்தியே ஆக வேண்டும். அந்த மாதங்களில் இங்கே வெயிலை நம்ப முடியாது. ஆகவே தீ.

வேலையைத் தொடங்கும் முன் சுற்றிலும் புதரை வெட்டினோம். காடு சூழ்ந்த இடங்களில் கட்டடத்தைச் சுற்றி 50 மீட்டர் தூரத்துக்குப் புதர் நீக்குவது இங்கே சட்டப்படி கட்டாயம். உள்ளே தீ மூட்டப்போகும் கட்டடத்துக்கு அது சட்டம் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியதுதான். ஐவிக் கொடியை மட்டும் இழுத்துப் பிடுங்கவில்லை. அதன் வேர் கல்லிடுக்கில் புகுந்திருக்கும். இழுத்தால் கல்லும் கூடவே வரும். அடியில் அறுத்துவிட்டு, காய்ந்த பிறகு மெதுவாக உரித்தெடுத்தோம்.

கட்டடம் சின்னது, உள்ளளவு இரண்டு மீட்டர் சதுரம். மற்ற எல்லாக் கிளேடையும் போலவே சரிவில் பாதி புதைந்த மாதிரி கட்டியிருக்கிறார்கள். தீ அறைக்குக் கீழ்ப்பக்கம் குட்டையான கதவு. மேலறைக்கு மேட்டுப் பக்கம் இன்னொரு கதவு. மேட்டிலிருந்து நேராக நடந்து வந்து மூட்டையைக் கொட்டலாம், ஏணியே தேவையில்லை. தலைமுறை தலைமுறையாகச் சுமை தூக்கியவர்கள் யோசித்துக் கட்டிய கட்டடம் இது.

கீழ்ப்பக்க மூலையில் சுவர் வெளியே பிதுங்கியிருந்தது. பிதுங்கிய சுவரைத் தள்ளிச் சரிசெய்ய முடியாது. அசையாத வரிசை வரும் வரை பிரித்துவிட வேண்டும். மூலைக் கற்களில் சாக்பீஸால் எண் போட்டு, புல்லில் அதே வரிசையில் அடுக்கி வைத்தோம். சிஸ்ட் கல்லைத் திரும்ப வைக்கும்போது ஒன்று முக்கியம்: பாறையில் அது எப்படிப் படுத்திருந்ததோ அப்படியே படுக்க வைக்க வேண்டும். நிற்க வைத்தால் அடுக்குகளுக்குள் தண்ணீர் இறங்கி, உறைபனியில் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். கீழ் வரிசையின் இரண்டு கற்கள் சேரும் இடத்துக்கு மேலே எப்போதும் ஒரு முழுக்கல். அங்கங்கே சுவரின் முழுக் கனத்துக்கும் குறுக்கே போகும் நீளக் கல்.

சாந்துக்குப் பழைய சுவரில் இருந்த மண்ணையே எடுத்துச் சலித்து, களிமண்ணும் மணலும் சேர்த்துக் குழைத்தோம். சிமெண்ட் தொடவில்லை. இந்தச் சுவர் ஆண்டுக்கு ஒருமுறை சூடாகி விரிந்து, பிறகு குளிர்ந்து சுருங்குகிறது. கூடவே ஈரத்தை இழுத்து வெளியே விட வேண்டும். மண் சாந்து அதற்கெல்லாம் இணங்கிப் போகும். சிமெண்ட் விறைத்துக்கொண்டு நிற்கும். கடைசியில் உடைவது சிமெண்ட் அல்ல, கல்.

பின்பக்கம் மண்ணைத் தாங்கும் படிக்கட்டு நிலச் சுவரும் ஓரிடத்தில் சரிந்திருந்தது. அதில் சாந்தே கிடையாது. வெறும் கல் அடுக்கு, உள்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்கும், முதுகுப்புறம் மண்ணுக்குப் பதில் சின்னச் சல்லி. சாந்து இல்லாததற்குக் காரணம் மழை. மத்தியதரைக் கடலிலிருந்து வரும் சூடான ஈரக்காற்று இந்த மலையில் மோதி, இலையுதிர் காலத்தில் கொட்டித் தீர்க்கும். 1900 செப்டம்பரில், எகுவால் மலையடியில் இருக்கும் வால்ரோகில் பத்து மணி நேரத்தில் 950 மில்லிமீட்டர் மழை பதிவானது. அவ்வளவு தண்ணீரைத் தடுத்து நிறுத்தப் பார்க்கும் சுவர் இடியும். சந்து வழியாக வடியவிடும் சுவர் நிற்கும். சாந்தில்லாமல் கல் அடுக்கும் இந்தக் கலையை, பிரான்சும் இன்னும் சில ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்து முன்வைத்ததன் பேரில், யுனெஸ்கோ 2018-இல் மனிதகுலத்தின் கலாச்சார மரபுப் பட்டியலில் சேர்த்தது. செவென் நிலப்பரப்பே பக்கத்துக் கோஸ் பீடபூமிகளோடு சேர்த்து 2011-இல் உலகப் பாரம்பரியக் களமானது. பட்டியலில் ஏறியது நல்ல விஷயம்தான். ஆனால் சரிந்த கல்லை எடுத்து வைக்க ஆள் வேண்டும்.

கூரைதான் பெரிய வேலை.

சரிந்த பக்கத்தில் உத்தரத்தின் நுனி சுவருக்குள் உளுத்துப் போயிருந்தது. அதே நிலத்தில் பட்டுப்போய் நின்ற செஸ்ட்நட் மரத்தில் இருந்தே புது உத்தரம் எடுத்தோம். வெளியே இருக்கும் வெள்ளைப் பகுதி முழுவதையும் செதுக்கிவிட்டு, வைரம் பாய்ந்த உள்பகுதியை மட்டும் வைத்தோம். அந்த உள்கட்டையில் டானின் எனும் துவர்ப்புப் பொருள் நிறைய. பூச்சியும் பூஞ்சையும் எளிதில் அண்டாது. சுவருக்குள் போகும் நுனியைச் சுற்றி மண் அடைக்காமல் காற்றுக்கு இடம் விட்டோம்.

மறுபாதிக் கூரையின் பழைய மரங்களைப் பார்த்தபோதுதான் எனக்கு இந்தக் கட்டடம் முழுதாகப் பிடிபட்டது. கரியேறி, தார் பூசியது போலப் பளபளத்த அந்தக் கைமரங்களில் ஒரு புழு ஓட்டை இல்லை. அதே பண்ணையில் புகை படாத தொழுவத்தின் மரங்களோ சல்லடையாகிக் கிடந்தன. ஒவ்வொரு ஆண்டும் கொட்டைக்காக மூட்டிய தீ, கட்டடத்தின் மரத்தையும் காத்து வந்திருக்கிறது. தீ நின்ற பிறகுதான் புழு வந்தது, ஈரம் வந்தது, கூரை விழுந்தது. அதனால் கிளேடைப் பாதுகாக்க வேண்டுமென்றால் அதில் தீ மூட்ட வேண்டும். பல கிளேடுகளை இன்று விடுமுறைக்கு வருபவர்கள் தங்கும் அறையாக மாற்றிவிட்டார்கள். இடிந்து போவதற்கு அது மேல் என்று சிலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் நடுத்தளத்தை மூடி, சுவரைப் பூசி, கூரைக்கு அடியில் காப்புத்தாள் போட்டுவிட்டால், பிறகு அது கிளேட் இல்லை. நாங்கள் அந்த வழிக்குப் போகவில்லை.

ஓட்டுக்குப் பதில் லோஸ் எனும் தட்டைக் கற்கள். இறவாணத்தில் தொடங்கி மேல்நோக்கி அடுக்க வேண்டும். பெரிய கனமான கல் கீழே, போகப் போகச் சின்னது. ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையின் பெரும்பகுதியை மூட வேண்டும்; இரண்டு கல்லின் சந்துக்கு நேர் மேலே இன்னொரு சந்து வரக் கூடாது. முகட்டில், காற்றும் மழையும் வரும் பக்கத்துக் கற்களை மறுபக்கத்துக்கு மேலே சற்று நீட்டிவிட்டோம். கைமரத்தின் மேல் ரீப்பர், ரீப்பரின் மேல் நேராகக் கல். நடுவில் வேறு எதுவும் இல்லை. உள்ளே நின்று பார்த்தால் அங்கங்கே வெளிச்சக் கீற்று தெரியும். மழை உள்ளே வராது, புகை வெளியே போகும். கல்லைத் தட்டிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்: கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் உள்ளே விரிசல் இருக்கிறது.

நடுத்தளச் சட்டங்களைச் செஸ்ட்நட் கட்டையைப் பிளந்தே செய்தோம். அந்த மரம் இழை பிடித்து நேராகப் பிளக்கும், அறுக்க வேண்டியதில்லை. சட்டங்களுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டர் சந்து. அதைவிட அதிகமானால் சின்னக் கொட்டைகள் தீயில் விழும். குறைந்தால் சூடு ஏறாது. ஆணி அடிக்கவில்லை. ஒரு சட்டம் கருகினால் உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம்.

அறுவடை அக்டோபர் நடுவில் தொடங்கி நவம்பர் நடு வரை போகும். முள்ளோடு தானாக வெடித்து விழுந்ததைத்தான் பொறுக்குவது. தடித்த தோல் கையுறை இல்லாமல் கிட்டப் போகாதீர்கள், அந்த முள் விரலில் ஒடிந்து தங்கிவிடும். பொறுக்கியதைத் தண்ணீரில் கொட்டி, மிதப்பதை எல்லாம் நீக்கினோம். பெரும்பாலும் புழு வைத்தது. எங்களிடம் சேர்ந்தது அரை டன்னுக்குக் கொஞ்சம் கூட. நடுத்தளத்தில் பரப்பினால் ஒரு சாண் உயரம். அந்தக் காலத்தில் அரை மீட்டர் வரைகூட நிரப்புவார்களாம்.

கொட்டையைப் பரப்பும் முன்பு, ஈரச் சுவரும் புதுச் சாந்தும் உலர்வதற்காகச் சில நாள் சின்னத் தீ போட்டோம். பக்கத்துப் பண்ணையில் இருக்கும் ஒரு பெரியம்மா, சின்ன வயதில் அவருடைய அப்பாவோடு கிளேட் தீயைப் பார்த்துக்கொண்டவர், அப்போதுதான் வந்து சேர்ந்தார். அதன் பிறகு தீ சம்பந்தமான எல்லாம் அவர் சொன்னபடிதான் நடந்தது.

தீயை மூட்டுவது எளிது. எரியவிடாமல் வைத்திருப்பதுதான் கலை. சுவாலை எழவே கூடாது. நமக்கு வேண்டியது தணலும் புகையும். பெரிய செஸ்ட்நட் அடிக்கட்டைகளைத் தரையின் நடுவில் வைத்துப் பற்றவைத்து, பிடித்துக்கொண்டதும் மேலே சாம்பலும், போன ஆண்டுக் கொட்டைத் தோலும் போட்டு மூட வேண்டும். எங்களிடம் போன ஆண்டுத் தோல் ஏது? பெரியம்மாவே ஒரு மூட்டை கொடுத்தார். செஸ்ட்நட் விறகு பொறி தெறிக்கிற விறகு. மூடி வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பைன் விறகை உள்ளே கொண்டுவரவே விடவில்லை. அதன் பிசின் நெடி கொட்டையில் ஏறிவிடும், சூப்பில் வரைக்கும் வரும்.

முதல் நாட்களில் சூடு மிகக் குறைவாக இருக்க வேண்டும். அப்போது கொட்டைகள் வியர்க்கும். மேலடுக்கு தண்ணீர் தெளித்தது போல நனைந்திருக்கும், கூரையிலிருந்து புகையோடு ஆவியும் வெள்ளையாக எழும்பும். பார்க்கிறவருக்கு எல்லாம் கெட்டுப்போகிறது என்று தோன்றும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் வெளிப்புறம் வெந்து இறுகி, உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். வியர்வை அடங்கிய பிறகே கொஞ்சம் கூட்டலாம். காலையிலும் இரவிலும் ஒருமுறை தீயைப் போய்ப் பார்த்தால் போதும்.

அப்புறம், ஒரு எச்சரிக்கை. கீழறையில் நிற்காதீர்கள். கனலும் தீ கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு நெடி கிடையாது. கதவைத் திறந்து, காற்று மாறிய பிறகு குனிந்து போய், கட்டையைத் தள்ளிவிட்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும். மேலறையில் கொட்டையைக் கிளறும்போதும் இரண்டு கதவையும் திறந்து வைத்து, வாசலில் இன்னொருவரை நிறுத்திக்கொண்டோம்.

உலர்த்தும் காலத்தில் பாதி கடந்ததும் மொத்தத்தையும் புரட்டினோம். அடியில் இருப்பது முதலில் காயும், மேலே இருப்பது ஈரமாகவே இருக்கும். மரப்பலகையால் ஒரு பக்கம் ஒதுக்கி, மேலது கீழே வருமாறு திரும்பப் பரப்ப வேண்டும். வழக்கமாக மொத்தம் நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். எங்கள் அடுக்கு உயரம் குறைவு என்பதால் அதற்கு முன்பே முடிந்தது. முடிந்ததைச் சத்தம் சொல்லும்: கையில் அள்ளிக் குலுக்கினால் ஓட்டுக்குள் பருப்பு கடகடவென்று ஆடும். கடித்தால் பல் இறங்காது.

தோல் நீக்குவதைச் சூடு ஆறும் முன் செய்ய வேண்டும். ஆறினால் ஓடு திரும்ப ஈரம் இழுத்துத் துவண்டுவிடும். பழைய காலத்தில் அடியில் இரும்புப் பற்கள் பதித்த கனமான மரக்காலணி போட்டுக்கொண்டு, தொட்டியில் கொட்டிய கொட்டையை மிதிப்பார்கள். இல்லையென்றால் நீளமான துணிப்பையில் போட்டு, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மரக்கட்டையில் ஓங்கி அடிப்பார்கள். பிறகு கையால் சுற்றும் இயந்திரம் வந்தது. நாங்கள் பை முறையைத்தான் செய்தோம். தோள்பட்டை நன்றாக வலிக்கும். பிறகு முறத்தில் புடைத்தோம். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வைத்திருக்கும் முறம் வடிவில் வேறு, ஆனால் கை அசைகிற விதம் நம் ஊர்ப் பெண்கள் அரிசி புடைக்கிறது போலவே. தோல் பறந்து முன்னே விழும், பருப்பு பின்னே தங்கும். அந்தத் தோலை ஒரு பிடி விடாமல் மூட்டை கட்டினோம். அடுத்த ஆண்டுத் தீயை மூட அதுதான் வேண்டும். பெரியம்மாவிடம் வாங்கியதையும் திருப்பிக் கொடுத்தோம்.

மூன்று கிலோ புதுக் கொட்டைக்கு ஒரு கிலோ உலர்ந்த பருப்பு என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. எங்களுக்கும் ஏறக்குறைய அதுதான் வந்தது. தந்த நிறம், கல் போன்ற கடினம், லேசான புகை மணம்.

அதை வைத்துச் செய்யும் சூப்புக்குப் பஜனா என்று பெயர். இரவே பருப்பை ஊறவைக்க வேண்டும். காலையில் இடுக்கில் ஒட்டியிருக்கும் உள்தோலை நகத்தால் எடுத்துவிட வேண்டும், விட்டால் துவர்க்கும். தண்ணீர் ஊற்றி, சிட்டிகை உப்புப் போட்டு, சின்னத் தீயில் இரண்டு மூன்று மணி நேரம். கரண்டியால் அடிக்கடி கிண்டக் கூடாது; பாதி முழுதாகவும் பாதி கரைந்தும் இருந்தால்தான் சுவை. கடைசியில் சூடான ஆட்டுப்பால். சிலர் வெங்காயம் சேர்ப்பார்கள், சிலர் பாலுக்குப் பதில் சிவப்பு ஒயின் ஊற்றுவார்கள். செவெனின் இனிப்பு வெங்காயத்தை வதக்கிச் சேர்த்தும் செய்து பார்த்தேன். எனக்குப் பால் ஊற்றியதுதான் பிடித்தது. சர்க்கரை தேவையே இல்லை, கொட்டையின் இனிப்பே போதும். புகை மணம் முதல் வாயில் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். மூன்றாம் வாயில் அது இல்லாத செஸ்ட்நட்டை நினைத்துப் பார்க்க முடியாது. மிச்சம் இருந்தால் மறுநாள் காலை கெட்டியாகியிருக்கும், அதை அப்படியே சூடாக்கிச் சாப்பிட வேண்டும். பக்கத்தில் பெலார்தோன் எனும் சின்ன ஆட்டுப்பால் சீஸ் ஒன்று இருந்தால் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்தது.

கொஞ்சத்தை மாவாக்கினோம். அரைக்கும் முன் அடுப்பின் மிச்சச் சூட்டில் இன்னொரு முறை காயவைத்தோம். துளி ஈரம் இருந்தாலும் திரிகைக் கல்லில் பசையாக ஒட்டிக்கொள்ளும். இந்த மாவில் குளூட்டன் இல்லை, தனியாக ரொட்டி உப்பாது. கோதுமை மாவில் கால் பங்கு கலந்தால் நன்றாக வருகிறது.

இந்த உணவு ஏன் மறைந்தது என்று கேட்பவர்களுக்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேரை அழுகவைக்கும் மைநோய் வந்தது. தோல் பதனிடும் டானினுக்காக ஆலைகள் மரங்களை வாங்கி வெட்டின. அலேஸ் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்களுக்கு இளைஞர்கள் இறங்கிப் போனார்கள். 20-ஆம் நூற்றாண்டில் பட்டையைப் பிளக்கும் கருகல் நோயும் சேர்ந்துகொண்டது. பொறுக்க ஆளில்லாமல் போனதும் தீ நின்றது. சேன்-ஜான்-து-கார் ஊரில், பழைய பட்டு நூற்பாலைக் கட்டடத்தில் இருக்கும் மேசோன் ரூஜ் அருங்காட்சியகத்தில் இந்தப் பள்ளத்தாக்குகளின் வாழ்க்கையை நன்றாகக் காட்டியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் வருபவர்கள் தவறாமல் பார்க்க வேண்டும்.

நிலத்தில் இருக்கும் பெரிய மரங்களில் இரண்டுக்கு அந்தக் கருகல் நோய் இருக்கிறது. வீரியம் குறைந்த பூஞ்சை வகையைப் பசையாகப் புண்ணின் ஓரங்களில் செலுத்தினால், நோய் அடங்கிப் பட்டை மூடிக்கொள்ளும். அதற்கான ஏற்பாட்டைச் செய்கிறோம். கூடவே, தானாக முளைத்த கன்றுகளில் பெலெக்ரீன் வகையை ஒட்டுக்கட்டப் போகிறோம். உலர்த்துவதற்குப் பேர்போன வகை அது, தோல் சுலபமாகக் கழலும். ஜனவரியில் வெட்டிய குச்சிகள் நிலவறையில் ஈர மணலில் இருக்கின்றன. கன்றில் சாறு ஏறி, பட்டை கட்டையிலிருந்து வழுக்கிக்கொண்டு பிரியும்போது ஒட்டுக்கட்ட வேண்டும், ஏப்ரல் கடைசியிலிருந்து. ஆடுகள் மேயாமல் இருக்க அதற்கு முன் வேலி போட்டாக வேண்டும்.